சட்டம் கேட்ட மாப்பிள்ளை

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்ததும் "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது" என்று கண்ணை மூடினேன். திறந்தபோது ரயில் இரணியலில் நின்றுகொண்டிருந்தது. நாகர்கோவில் வந்து போய்விட்டது. டெல்லியிலிருந்து வழியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு, இறங்க வேண்டிய நேரத்தில் தூங்கிய மகராசி நான். அலறி அடித்துக்கொண்டு இறங்கியதில் ஒரு செருப்பு தண்டவாளத்துக்குள் விழுந்துவிட்டது.

"விட்டிருங்க மேடம், வண்டி போவட்டும், எடுத்துக்கிடலாம்" என்றார் நடைமேடையில் பழக்கூடை வைத்திருந்த பெண். வண்டி போனது. சொன்னபடி ஆள் பிடித்து எடுத்தும் கொடுத்தார். நன்றிக்கடனாக ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினேன். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் என்ன மணம்! டெல்லியில் எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டிப் பழத்துக்குத் தோல் மட்டும்தான் அழகு. ஆட்டோவில் நாகர்கோவிலுக்குத் திரும்பி வருவதற்குள் சீப்பில் பாதி காலி.

நான் டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. உச்ச நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் வேலை பார்க்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் எனக்கு வெளிநாடுதான், பாஸ்போர்ட் மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆட்டோக்காரர் என் தமிழைக் கேட்டுவிட்டு, "மேடம் எந்த ஊரு, பேச்சு சினிமாக்காரங்க மாதிரி இருக்கே?" என்றார். அவர் பேசியது எனக்குப் பாட்டு மாதிரி இருந்தது. ஏறி இறங்கி, கடைசியில் ஒரு இழுப்பு.

வந்த வேலை இது. வாடகைத்தாய் முறைக்கு நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழைப் பெண்களின் வயிற்றை யாரும் விலை பேசக் கூடாது என்பதற்காக வந்த சட்டம், நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யார் யார் இந்த முறையில் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று அது ஒரு கோடு போட்டிருக்கிறது. கல்யாணமான தம்பதி பெறலாம். தனியாக இருக்கும் பெண்களில் விதவை பெறலாம், விவாகரத்து ஆனவள் பெறலாம். கல்யாணமே ஆகாதவள் பெறக் கூடாது. அதாவது ஒரு தடவையாவது ஓர் ஆணின் கையைப் பிடித்திருக்க வேண்டும், பிடித்த கை இப்போது இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லோரும் சமம் என்று சொல்லும் அரசியலமைப்புக்கு இது ஒத்துவருமா என்று கேட்டுப் பலர் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நாங்களும் ஒரு மனு தயாரித்திருந்தோம். அதில் மனுதாரர் கையெழுத்து வாங்கத்தான் என்னை அனுப்பினார்கள்.

மனுதாரரை ஸ்டெல்லா என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மைப் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்த்துத் தங்கையைக் கட்டிக்கொடுத்து, வீடு கட்டி, அப்பாவைக் கடைசி வரை பார்த்து, திரும்பிப் பார்த்தால் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இடையில் கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. எடுப்பதற்கு முன்பே யோசனையாகத் தன் கருமுட்டையை எடுத்து உறைய வைத்திருக்கிறாள். தங்கை சுமக்கத் தயார். தடையாக நிற்பது கல்யாணம் ஆகாதது ஒன்றுதான். தத்து எடுக்கலாமே என்று டெல்லியில் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூடத் தத்து எடுத்தவர் இல்லை.

நாகர்கோவிலிலேயே கோட்டாறு பகுதியில் அறை எடுத்துவிட்டு ஸ்டெல்லாவை அழைத்தேன். "இன்னைக்கு வரண்டாம் மேடம், நாளைக்கு வாங்க. வீட்டுல ஒரு காரியம் இருக்கு" என்றாள். சரி, கிடைத்தது ஒரு பொழுது. தெருத் தெருவாக நடந்தேன். மொத்தக் கடைகளின் மிளகாய் நெடியில் தும்மி, ஒரு பள்ளிவாசல் பக்கமாகத் திரும்பி, பெரிய கோவிலைப் பார்த்துவிட்டு, ஒரு சின்னக் கடையில் ரசவடை சாப்பிட்டேன். வடையை ரசத்தில் ஊறப்போட்டுக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் தயிரில் போட்டு மேலே இனிப்புச் சட்னி ஊற்றிப் பாழாக்குவார்கள். இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்பதை வெளியே சொல்ல வெட்கமில்லை.

சனிக்கிழமை மதியம் கடற்கரைக்குப் பேருந்து ஏறினேன். சந்தையில் மீன் விற்று முடித்த பெண்கள், இங்கே சருவம் என்று சொல்லும் காலி மீன் பாத்திரங்களோடு ஏறினார்கள். என் மடியிலும் ஒரு சருவம் வந்து உட்கார்ந்தது, அனுமதி எல்லாம் கேட்கவில்லை. முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். வேகத்தில் பாதிதான் பிடிபட்டது.

"மூணாவது ஓலை நாளைக்காக்கும்."

"மாப்பிள்ளைக்கு ஈரலு போச்சுல்லா? ஆளு தாங்காதுன்னு டாக்டரே சொல்லியாச்சு."

"பெண்ணுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதானே கட்டுகா!"

ஓலை என்றால் என்ன என்று என் மடியில் சருவம் வைத்தவரிடம் கேட்டேன். கல்யாணம் பேசி முடித்தால் மூன்று ஞாயிறு கோவிலில் பெயரைச் சொல்லி அறிவிப்பார்களாம். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் வந்து சொல்ல வேண்டுமாம். யாரோ பாவப்பட்ட பெண் என்று நினைத்துக்கொண்டேன். சருவத்தை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று எனக்குத் திட்டும் கிடைத்தது.

நிறுத்தத்தில் ஸ்டெல்லாவின் தங்கை செல்மா நின்றிருந்தாள். பையை வாங்கினாள், நாலு எட்டு வைத்தாள், விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். "மேடம், அக்காவுக்கு வர்ற புதன்கிழமை கல்யாணம். அவ ஒங்ககிட்ட சொல்லிருக்க மாட்டா."

எனக்குச் சுருக்கென்றது. பேருந்தில் கேட்ட மாப்பிள்ளை இவளுடைய மாப்பிள்ளைதான்.

"யாரோட யோசனை இது?"

"எனக்க யோசனைதான்" என்றாள் செல்மா. கொஞ்சமும் ஒளிக்கவில்லை. "விதவைன்னா பிள்ள பெத்துக்கிடலாம்னு சட்டத்துல இருக்குல்லா? விவாகரத்துன்னா எங்க சபையில கெடையாது, கோட்டுல ஏறி எறங்குனா வருசமும் போயிரும். எனக்கு முப்பத்தஞ்சு ஆச்சுன்னா நான் சுமக்கவும் விட மாட்டாவளாம். இனி எங்க மேடம் நேரம் இருக்கு?"

"அதுக்கு நல்ல ஒரு ஆளையே கட்டியிருக்கலாமே? தம்பதின்னா நேரா கேட்டிருக்கலாமே."

"அவளுக்கு இந்த வயசுல வர்ற மாப்பிள்ளைக்கெல்லாம் ஏற்கெனவே மூணு பிள்ள இருக்கு. பிள்ள உள்ளவனைக் கட்டினா அதுக்கும் சட்டம் விடாதே!" என்றாள். சட்டத்தை என்னைவிட நன்றாகப் படித்திருந்தாள். ஆத்திரம் வந்தவர்கள் நன்றாகப் படிப்பார்கள்.

மாப்பிள்ளை கிளீட்டஸ். அடுத்த தெருவில் தனிக்கட்டை, மனைவி இறந்து பல வருடம், பிள்ளை இல்லை. சவுதியில் மீன்பிடிப் படகில் இருந்தவர், குடித்துக் குடித்து ஈரல் கெட்டு வந்து சேர்ந்தவர். வயது ஐம்பத்தெட்டு. கணவனுக்கு ஐம்பத்தைந்து தாண்டினால் தம்பதியாகவும் மனுச் செய்ய முடியாது. ஆக அவர் உயிரோடு இருந்து ஸ்டெல்லாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எழுதும்போதே கை கூசுகிறது. ஊர் முழுக்க இதைத் தெரிந்து வைத்திருந்தது. பங்குத்தந்தைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஸ்டெல்லா வாசலிலேயே நின்றாள். நல்ல உயரம், நல்ல குரல். வணக்கம் சொல்வதற்கு முன்னால் குனிந்து என் கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். "காலு நீரு வச்சிருக்கே. ரயில்ல தண்ணி குடிக்கல்லியா? கக்கூசுக்குப் பயந்து குடிக்காம வந்திருப்பிய." உண்மை அதுதான். பெஞ்சில் உட்காரவைத்துக் காலைத் தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்த பிறகுதான் வாங்க என்றாள்.

மரச்சீனி என்று இங்கே சொல்லும் மரவள்ளிக்கிழங்கும் சாளை மீன் குழம்பும் சாப்பாடு. தேங்காய் அரைத்து, புளி தூக்கலாக. கிழங்கை மசித்துக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டதும், கல்யாணத்தை மறைத்தாளே என்று வந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. அப்போது வெளியே குடை மடக்கும் சத்தம் கேட்டது. செல்மா எட்டிப் பார்த்து, "நடந்தா வாறீரு?" என்றாள். குரலில் வருத்தம்தான் இருந்தது.

கிளீட்டஸ் உள்ளே வந்தார். மெலிந்த ஆள், கண்ணில் லேசாக மஞ்சள், ஆனால் மூச்சு வாங்கவில்லை. அவருக்கென்று தனித் தட்டு வந்தது. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத பயறு.

"பாத்தியளா வக்கீலம்மா? சாவப்போறவனுக்கு உப்பு இருந்தா என்னன்னு கேட்டேன். இவ ஒரு பார்வை பாத்தா, நான் வாயை மூடிட்டேன்" என்றார் என்னிடம்.

"நேத்து கருவாடு தின்னீரு" என்றாள் ஸ்டெல்லா.

"ஆரு சொன்னா?"

"ஒம்ம காலு சொல்லுது."

அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். ஸ்டெல்லா மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும் வரை நின்றாள். ஏன் சம்மதித்தீர்கள் என்று நானே கேட்டுவிட்டேன், எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "எனக்கு ஆருமில்ல. செத்தா ஒரு பூசை, ஒரு குழி, முடிஞ்சுது. சாவு சும்மா போவுது, இந்தப் பிள்ளைக்காவது ஒதவட்டுமே" என்றார். நான் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவும்போது செல்மா என்னை அடுக்களைப் பக்கம் இழுத்தாள். "மேடம், ரெண்டு மாசம் முந்தி இவரைப் பாத்திருக்கணும். வயிறு முட்டிக்கிட்டு, பாயை விட்டு எழும்பல்ல. பேச்சு முடிஞ்ச அன்னைக்கே இவ உள்ள போனா. குப்பியைத் தூக்கி வீசினா, உப்பை நிறுத்தினா, டாக்டர்கிட்ட சண்டை போட்டு மருந்தை மாத்தினா. இந்தா, குடையும் பிடிச்சுக்கிட்டு நடந்து வாறாரு. ஏட்டி, நீ என்னதான் செய்யுதன்னு கேட்டா, 'கண்ணு முன்னால ஒருத்தரு கெடக்கும்போ பின்ன என்ன செய்ய'ங்கா." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அவரு சாவணும்னு நான் எந்த வாயால சொல்ல?" என்றாள்.

கடற்கரைக்கு நடந்து போய் டெல்லிக்குப் போன் போட்டேன். சீனியர் பொறுமையாகக் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டால், கல்யாணம் ஆகாதவள் என்று தொடுக்கும் மனு நிற்காது, வேறு மனுதாரரைப் பார்த்துக்கொள்ளலாம், திரும்பி வா என்றார். சட்டப்படி சரியான பதில். எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம் வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த இருவர் நான் காற்றில் கையை ஆட்டிப் பேசுவதை வேடிக்கை பார்த்தார்கள்.

திரும்பினால் பின்னால் ஸ்டெல்லா. "என்ன சொல்லுதாரு?" என்றாள். மறைக்கவில்லை. இரண்டு வழி, இரண்டிலும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது என்றேன்.

"கேஸு எம்பிடு நாளாவும்?"

"தெரியாது."

"தனியா உள்ளவளுக்கு நாப்பத்தஞ்சு வரதானே. அதுக்குள்ள முடியுமா?"

"முடியாமலும் போகலாம்."

"போகலாமா, போயிருமா?"

"போயிடும்னுதான் நினைக்கிறேன், ஸ்டெல்லா."

அவள் கடலைப் பார்த்துத் தலையாட்டினாள். பொய் சொல்லியிருக்கலாம். நோயாளியிடம் உண்மை சொல்லிப் பழகியவளிடம் அது எடுபட்டிருக்காது. பேருந்து நிறுத்தம் வரை வந்து, என் காலை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காலையில பூசைக்கு வாங்க" என்றாள்.

ஞாயிறு காலை கோவில் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வெளியே மணலிலும் ஆட்கள். என் வீட்டுப் பக்கத்துக் கோவிலில் பிரசாதத்துக்குத்தான் இந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். பங்குத்தந்தை இளைஞர். தையல் வகுப்பு, அன்பிய ஜெபக் கூட்டம், யாரோ தொலைத்த பைக் சாவி என்று அறிவிப்புகள் வாசித்துவிட்டு ஓலைக்கு வந்தார். இன்னாரின் மகன் கிளீட்டசும் இன்னாரின் மகள் ஸ்டெல்லாவும் திருமணம் செய்ய விரும்புகிறார்கள், இது மூன்றாம் அறிவிப்பு, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா முக்காட்டைச் சரிசெய்தாள். பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பூசை முடிந்ததும் ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்தாள். "வாங்க மேடம்." நேரே பீடத்துக்குப் பக்கத்து அறை. குருவானவர் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் குடையோடு கிளீட்டசும் வந்து நின்றார். அவருக்கும் விஷயம் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

"ஃபாதர், தடை ஒண்ணு உண்டு."

"யாருக்கு?"

"எனக்க கல்யாணத்துக்குத்தான்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா இவர்? இல்ல, உறவுமுறை எதாவது…"

"அதெல்லாம் இல்ல. இவரு சாவாருன்னு நம்பித்தான் கட்டச் சம்மதிச்சேன். இப்பம் இவரு சாவ மாட்டாரு ஃபாதர். நான் நோக்கிப் பாத்துக்கிட்டா சாவ மாட்டாரு."

ஸ்டெல்லாவே தொடர்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், சட்டத்தை, விதவையை, தங்கையின் வயதை. பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. "வியாழக்கிழமை இவருக்க வயித்தை அளந்து பாத்தேன் ஃபாதர். நல்லா வத்தியிருந்துது. எனக்கு சந்தோசமா இருந்துது. அடுத்த நிமிசம் வயித்தெரிச்சலாவும் இருந்துது. இம்பிடு வருசத்துல ஒரு நோயாளி தேறினதுக்கு நான் வயிறெரிஞ்சதே கெடையாது. எனக்கு அது வேண்டாம்."

"இதை முதல் ஓலைக்கு முன்னாலயே யோசிச்சிருக்கணும்" என்றார் குரு. கடுமையாகச் சொல்லவில்லை. "நீ செய்ய நினைக்கிற மற்ற காரியத்தையும் சபை ஏத்துக்காது, தெரியும்லா?"

"தெரியும் ஃபாதர். அதுக்கு நீங்க என்னைத் திட்டுங்க, நான் கேட்டுக்கிடுகேன். இதுக்குத் திட்டு வாங்க என்னால முடியாது."

கிளீட்டஸ் குடையைச் சுவரில் சாய்த்தார். "அப்பம் நான் சாவண்டாமா?" என்றார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"வேண்டாம். செவ்வாக்கிழமை ரத்தம் பாக்கணும், வெறும் வயித்தோட வாரும்" என்றாள் ஸ்டெல்லா. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. குருவானவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்மாதான் பாவம். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. அக்காவின் தட்டை மட்டும் கழுவி வைத்தாள். சமாதானம் சொல்ல நான் யார்? புதன்கிழமைக்காக வாங்கி வைத்த வாழைக்குலை வராந்தாவில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டதற்கெல்லாம் ஸ்டெல்லா ஒரே பதில்தான் சொன்னாள்: மாப்பிள்ளைக்குச் சொகமாயாச்சு.

திங்கட்கிழமை நாகர்கோவில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டரியின் அறை. மாடிப்படி செங்குத்து, விசிறி சுற்றுவதாகப் பேர். ஸ்டெல்லாவோடு செல்மாவும் வந்திருந்தாள். முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது, ஆனால் வந்திருந்தாள். பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு பத்தியாக நான் தமிழில் சொன்னேன். கல்யாணம் ஆகாதவள். சரி. சொந்தக் கருமுட்டை இருக்கிறது. சரி. தங்கை முழு மனதோடு சம்மதிக்கிறாள். செல்மா, "ஆமா" என்றாள், அவளை யாரும் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில், எல்லா மனுவிலும் வருகிற ஒரு வரி உண்டு. மனுதாரருக்கு இந்த நீதிமன்றத்தை நாடுவதைத் தவிர வேறு வழி இல்லை. சடங்குக்கு எழுதுவது, எந்த நீதிபதியும் நின்று படிக்க மாட்டார். நானும் வேகமாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது பொய்லா மேடம்."

"இது எல்லாத்துலயும் வரும், ஸ்டெல்லா. சும்மா ஒரு வரி."

"சத்தியம் பண்ணித்தானே ஒப்பு போடுகேன்? வேற வழி இல்லன்னு எப்பிடிப் போட? இருந்துதே!"

நோட்டரி கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தார். வரியை எடுத்துவிட்டால் மனு நிற்காதே என்று எனக்குப் பதறியது. எடுக்கச் சொல்லவில்லை, மிச்சத்தையும் சேர்த்து எழுதச் சொன்னாள். ஓரத்தில் இடம் இருந்தது. பேனாவைத் திறந்தேன். செல்மா எழுந்து வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"எழுதுங்க" என்றாள் ஸ்டெல்லா. "ஒங்க சட்டத்துல எனக்கு ஒரு வழி இருந்துது. அதுல போணும்னா ஒரு மனுசன் சாவணும், நான் பாத்துக்கிட்டு நிக்கணும். நான் நர்ஸாக்கும்."